வேலையோடு பட்டம்: எண்பது நாள் கணக்கு

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். திருமணமாகி, மகன் பிறந்த பிறகு மேற்குச் சிட்னிக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே குழந்தைப் பராமரிப்பில் "சர்ட்டிஃபிகேட் மூன்று" என்னும் படிப்பு, பிறகு டிப்ளமோ முடித்து, நான்கு ஆண்டுகளாக ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளின் அறையில் முழுநேரமாக வேலை பார்க்கிறேன். எனக்கு வயது 36. மகனுக்கு ஒன்பது, மகளுக்கு ஐந்து. கணவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு வேலை. எங்கள் டைரக்டர், "மழலையர் கல்வியில் பட்டம் படியுங்கள், ஆசிரியர் பணியிடம் தருகிறேன்" என்கிறார். எங்களுக்கு இந்த ஆண்டுதான் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. குடியுரிமைக்கு அடுத்த ஆண்டுதான் விண்ணப்பிக்க முடியும். அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேலையை விடாமல் நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க முடியுமா? ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துவிடுவேன், எழுதுவதென்றால்தான் பயம். இதற்கிடையில் உறவினர் ஒருவர், "டயப்பர் மாற்றுவதற்கு எதற்கம்மா பட்டம்?" என்று கேட்டது மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிட்னி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடாமல் படிக்க முடியும். குடியுரிமைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலை செய்துகொண்டே படிக்க நினைக்கும் பெண்களில் பெரும்பாலோர் என்னிடம் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரமமானதுதான், ஆனாலும் பிள்ளைகள் உறங்கிய பிறகு இரண்டு மணி நேரம், சனிக்கிழமை காலை நூலகத்தில் மூன்று மணி நேரம் என்று எப்படியோ தேற்றிவிடுகிறோம். நடுவழியில் படிப்பை நிறுத்தியவர்களை நான் பார்த்தவரையில், அவர்களை நிறுத்தியது வாசிப்போ கட்டுரையோ அன்று. பிளேஸ்மென்ட் எனப்படும் பணியிடப் பயிற்சிதான். ஆஸ்திரேலியாவில் மழலையர் கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் தேசிய ஆணையமான அசெக்வா, இளநிலைப் பட்டத்துக்கு 80 நாள் பணியிடப் பயிற்சியையும் முதுநிலைப் படிப்புக்கு 60 நாளையும் எதிர்பார்க்கிறது. முன்பே டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் அந்த நாள்களில் ஒரு பகுதியைக் கழித்துத் தருவதுண்டு. எத்தனை நாள் கழியும் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முழுநேர ஊழியரான உங்களுக்கு ஆண்டுக்கு நான்கு வாரம், அதாவது 20 வேலை நாள், சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. எண்பது நாளையும் அந்த விடுப்பிலேயே ஈடுகட்டப் பார்த்தால் நான்கு ஆண்டுகளுக்கு ஊருக்குப் போக முடியாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு வாரம் வீட்டில் இருக்கவும் முடியாது. போதாததற்கு, இந்தப் பயிற்சி வாரம் ஒரு நாள் என்று சிதறி வருவதில்லை. பத்து, பதினைந்து, இருபது நாள் என்று தொடர்ச்சியாக, அதுவும் பல்கலைக்கழகம் குறிக்கும் மாதத்தில் வரும். அந்த மாதத்தில் உங்கள் நிலையத்தில் மூன்று பேர் ஏற்கெனவே விடுப்பு கேட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில், அப்போது வேலை பார்த்த நிலையத்தில் இருபது நாள் பயிற்சிக்கு வாய்மொழியாக அனுமதி வாங்கியிருந்தேன். பயிற்சி தொடங்குவதற்கு எட்டு நாள் முன்பு, ஆள் பற்றாக்குறையால் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை. கட்டணமின்றி விலகுவதற்கான கடைசி நாள், சென்சஸ் தேதி என்பார்களே, அது எப்போதோ கடந்துவிட்டிருந்ததால் பணமும் போயிற்று, ஒரு பருவமும் போயிற்று. வாய்ச்சொல்லை நம்பிப் பாடத்தில் சேர்ந்ததைத் தவிர வேறு தவறு எதையும் நான் செய்யவில்லை. ஆகையால்தான் உங்கள் டைரக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன்.

அதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. டைரக்டர் உங்களைப் படிக்கச் சொல்வது உங்கள் மேல் உள்ள அன்பினால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தேசியத் தரச் சட்டகத்தின்படி, இத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதக் கணக்கில் வரும் பராமரிப்பாளர்களில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்தவராகவோ அதற்குப் படித்துக்கொண்டிருப்பவராகவோ இருக்க வேண்டும்; அதற்கு மேல், பட்டம் பெற்ற ஆசிரியர்களும் தேவை. இதில் உங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் விதி மற்ற மாநிலங்களைவிடக் கடுமையானது: 40 முதல் 59 குழந்தைகள் வரை உள்ள நிலையத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், 60 முதல் 79 வரை மூவர், 80-உம் அதற்கு மேலும் என்றால் நால்வர். அத்தனை ஆசிரியர்களைத் தேடிப் பிடிப்பதும் பிடித்தவர்களைத் தக்கவைப்பதும் இன்று ஒவ்வொரு டைரக்டருக்கும் தலைவலி. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஏற்கெனவே பழகிய, அறையின் போக்கு முழுவதும் தெரிந்த ஒருவர் ஆசிரியராகக் கிடைப்பது அவருக்குப் பெரிய லாபம். நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை. இருவருக்கும் பயனுள்ள ஏற்பாடு ஒன்றைப் பேசப் போகிறீர்கள். அந்த நினைப்போடு உட்காருங்கள்.

பேச வேண்டியவை இவை. ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிக்கு எத்தனை நாள் விடுவார்கள், அவற்றில் எத்தனை நாள் சம்பளத்துடன், எத்தனை நாள் சம்பளமில்லாமல். தேதியை எத்தனை வாரம் முன்னதாக நீங்கள் தெரிவிக்க வேண்டும். அந்த நாள்களுக்கு மாற்று ஆளை யார் ஏற்பாடு செய்வது. படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடைசிக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் அவர்களும் பேச மாட்டார்கள். பிறகு கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும்போது அது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள நினைத்தால், பள்ளி வயதிலோ அதற்குக் கீழோ பிள்ளைகள் உள்ள, ஓராண்டு பணி முடித்த ஊழியர் நெகிழ்வான வேலை நேரத்தை எழுத்தில் கோரலாம் என்று ஃபேர் வொர்க் என்னும் ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. முதலாளி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். உங்களுக்கு இரண்டு தகுதியும் இருக்கின்றன. வாரம் ஐந்து நாளை நான்காக்கிக்கொண்டு அந்த ஐந்தாம் நாளைப் படிப்புக்கு வைத்துக்கொண்டவர்கள் இரவுகளைத் தின்று படித்தவர்களைவிட நன்றாகத் தேறியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவதை வீடு தாங்குமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும்தான் சொல்ல வேண்டும்.

சொந்த நிலையத்திலேயே பயிற்சியை முடித்துவிடலாமே என்று தோன்றும். ஒரு பகுதியை அங்கே செய்யப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. முழுவதையும் அனுமதிப்பது அரிது. அனுமதி கிடைத்தாலும் உங்கள் வழக்கமான அறையில் வழக்கமான வேலையாக அது இருக்கக் கூடாது. பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் உங்களை மேற்பார்வையிட வேண்டும். நீங்கள் கைக்குழந்தைகள் அறைக்கோ பள்ளிக்குப் போகவிருக்கும் நான்கு வயதுக்காரர்களின் அறைக்கோ மாற வேண்டும். இதில் ஓர் இடர் இருக்கிறது: காலையில் யாராவது உடல்நலமில்லை என்று தொலைபேசியில் சொன்னதும், "நீங்கள்தான் இங்கேயே இருக்கிறீர்களே" என்று உங்களைப் பழைய அறைக்கே இழுத்துக்கொள்வார்கள். நியூ சவுத் வேல்ஸில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நால்வருக்கு ஒருவர், இரண்டிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது மீற முடியாத விகிதம். அதைக் காப்பாற்ற உங்கள் பயிற்சி நாள் பலியாகும். பயிற்சி நாள்களில் உங்களை விகிதக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்டு, அதன் பிரதியை டைரக்டரிடம் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், குறைந்தது பாதி நாள்களையாவது வேறு நிலையத்தில் செய்யச் சொல்வேன். நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தவருக்கு அங்கே நடப்பதுதான் இயல்பு என்று தோன்றிவிடும். வேறோர் இடத்தில் குழந்தைகள் தங்கள் சோற்றைத் தாங்களே பரிமாறிக்கொள்வதையும், மழையில் சேற்றில் விளையாட விடுவதையும், மதியத்தில் தூக்கம் வராத குழந்தையைப் படுக்கச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பதையும் பார்த்த பிறகு நம் கண் மாறிவிடுகிறது.

அடுத்தது, எந்தப் படிப்பு என்பது. நீங்கள் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் ஒன்றையே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். நம் பெண்கள் பலர், ஊரில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உங்கள் பி.எஸ்ஸி. கணிதம் உங்களை ஆசிரியராக்காது என்பது உண்மை. ஆனால் முதுநிலை ஆசிரியர் படிப்புக்கான நுழைவுச்சீட்டாக அது ஆகக்கூடும். எந்தத் துறையிலேனும் பட்டம் பெற்றவர்கள் சேரக்கூடிய மழலையர் கல்வி கிராஜுவேட் டிப்ளமோக்களும், மாஸ்டர் ஆஃப் டீச்சிங் படிப்புகளும் இருக்கின்றன. முழுநேரமாகப் படித்தால் முன்னது ஓராண்டு, பின்னது பெரும்பாலும் இரண்டாண்டு. பகுதி நேரமாக என்றால் அதைப் போல் இருமடங்கு. உங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை அந்தந்தப் பல்கலைக்கழகம் எப்படி மதிப்பிடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலை அனுப்பிக் கேட்பதால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தக் குறுக்குவழியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, ஆங்கிலம். சில முதுநிலை ஆசிரியர் படிப்புகள் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 7.5-உம், பேசுவதிலும் கேட்பதிலும் தலா 8-உம், படிப்பதிலும் எழுதுவதிலும் தலா 7-உம் கேட்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அவ்வளவு எளிதில் எடுக்காத மதிப்பெண் அது. இரண்டு, பெயரைப் பார்த்து ஏமாறுவது. மழலையர் கல்வியில் முதுநிலைப் பட்டம் என்று பெயர் இருந்தாலும், தலைமைத்துவமோ ஆய்வோ கற்பிக்கும் படிப்புகள் உங்களை ஆசிரியராக்கா. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படியொரு படிப்பை முடித்த பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டார். அசெக்வாவின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளின் பட்டியல் இருக்கிறது. படிப்பின் முழுப்பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு யோசியுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 2016 முதல் மழலையர் கல்வி ஆசிரியர்களும் நெசா எனப்படும் மாநிலக் கல்வித்தர ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்பதால் அங்கும் அது செல்லுமா என்று பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், எழுதப் பயமாக இருக்கிறது என்று நீங்களே சொல்வதால், டிப்ளமோவுக்காகச் சில பாடங்களைக் கழித்துத் தரும் இளநிலைப் பட்டத்தின் பக்கமே நான் சாய்கிறேன். முதுநிலைப் படிப்பு, உங்களுக்கு ஏற்கெனவே கட்டுரை எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலிருந்தே ஓடத் தொடங்கும். இளநிலையில் விழுந்து எழ நேரம் இருக்கிறது. ஆயினும் முடிவெடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிட உங்கள் ஆங்கிலம் நன்றாக இருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளை மிச்சப்படுத்தும் வழியை என் சாய்வுக்காக விட்டுவிட வேண்டாம். பிறப்பு முதல் ஐந்து வயது வரை, எட்டு வரை, பன்னிரண்டு வரை என்று பட்டங்கள் பலவகை. பன்னிரண்டு வரை என்றால் தொடக்கப் பள்ளியிலும் கற்பிக்கலாம். ஆனால் லான்டைட் எனப்படும் மொழி, எண்ணறிவுத் தேர்விலும் தேற வேண்டும், பயிற்சி நாள்களில் ஒரு பகுதி பள்ளியில் கழியும். சிறு குழந்தைகளோடு இருப்பதே உங்கள் விருப்பம் என்றால் ஐந்து வரை போதும்.

இனிப் பணம். நிரந்தர வதிவுரிமை உள்ளவருக்கும் அரசு மானியம் பெற்ற இடம் கிடைக்கும். ஆனால் ஹெக்ஸ் எனப்படும் அரசுக் கல்விக் கடன் கிடைக்காது, மாணவர் பங்கைக் கையிலிருந்து முன்கூட்டியே கட்ட வேண்டும். மனிதாபிமான விசாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஈழத்திலிருந்து அவ்வாறு வந்த சகோதரிகள் இதை வாசித்தால் கவனத்தில் கொள்க. நல்லவேளையாக ஆசிரியர் படிப்பு மிகக் குறைந்த கட்டணப் பிரிவில் வருகிறது. 2025-இல் முழுநேர ஓராண்டுக்கு உச்ச அளவு 4,627 டாலர். எட்டுப் பாடங்கள் என்று கொண்டால் ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 578. நான்கு ஆண்டில் 32 பாடங்கள்; டிப்ளமோவுக்கு ஓராண்டு கழிந்தால் மீதி 24; மொத்தம் 13,900 டாலர் போல. இதைப் பார்த்தால் குடியுரிமைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்பது புரியும். முதல் ஆண்டில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று இரண்டே பாடங்களை எடுத்துக்கொண்டால் கையிலிருந்து போவது 1,200 டாலருக்குள்தான். குடியுரிமை வந்த பின், அடுத்த பருவத்திலிருந்து கடனுக்கு மாறிக்கொள்ளலாம். அந்தந்தப் பாடத்தின் சென்சஸ் தேதியன்று நீங்கள் குடிமகளாக இருக்க வேண்டும். விண்ணப்பித்திருந்தால் போதாது, உறுதிமொழி எடுத்து முடித்திருக்க வேண்டும். விழாவுக்கு மாதக்கணக்கில் காக்க வேண்டிவரலாம், ஆகவே கூடுதலாக ஒரு பருவத்துக்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள். கடனுக்கு வட்டி கிடையாது. விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஏறும். 2025–26 கணக்குப்படி ஆண்டு வருமானம் 67,000 டாலரைத் தாண்டினால்தான் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும்.

பயிற்சி நாள்களில் சம்பளம் இழப்பவர்களுக்காக 2025 ஜூலை முதல் காமன்வெல்த் பிராக் பேமென்ட் என்ற உதவித்தொகை நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல் ஆண்டில் வாரத்துக்கு 331.65 டாலர். வருமானத்தையும் வேலை நேரத்தையும் பார்த்தே தருகிறார்கள்; விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் வழியாகவே போகும். உங்கள் விசா நிலையில் அதற்குத் தகுதி உண்டா என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் முதல் நாளே கேளுங்கள். உங்கள் வாரச் சம்பளத்துக்கு அது ஈடாகாது; வாடகையில் ஒரு பங்கைத் தாங்கும், அவ்வளவுதான்.

முதல் பருவத்தில் ஒரே பாடம் என்று நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. கணவருக்கு இரவு வேலை வரும் வாரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது, நீங்கள் எந்த மேசையில் உட்காருவது, மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்றே கட்டுரையும் முடிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பவை ஒரு பாடத்தோடு பழகித்தான் தெரியவரும். இரண்டாம் பருவத்தில் இரண்டாக்கிக்கொள்ளலாம். பணியிடத்தில் திட்டமிடுவதற்கென்று உங்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் குழந்தைகளில்லாத நேரம் ஒதுக்கப்பட்டிருந்தால், அதில் பாடத்தை விரிக்காதீர்கள். அது குழந்தைகளுக்குரிய நேரம், சக ஊழியர்களின் முகச்சுளிப்பையும் சம்பாதித்துத் தரும்.

இனி உங்கள் பயத்துக்கும் அந்த உறவினரின் கேள்விக்கும் வருகிறேன். இரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

எழுதுவதில் நமக்குள்ள தடை இலக்கணப் பிழைகளில் இல்லை. நாம் வளர்ந்த பள்ளிகளில் நூலில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். இங்கே அதையே செய்தால் திருட்டு என்பார்கள். நூலாசிரியர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லி, யார் சொன்னது என்று குறித்து, அது உங்கள் அறையில் பொருந்துகிறதா இல்லையா என்று நீங்கள் பேச வேண்டும். அந்த மூன்றாவது படியில்தான் நம்மவர்கள் தயங்கி நிற்கிறார்கள். அறிஞர் சொன்னதை மறுத்துப் பேச நாம் யார் என்ற கூச்சம். ஆனால் அந்த இடத்தில் வேலை பார்க்கும் மாணவிக்கு இருக்கும் சரக்கு, பள்ளியிலிருந்து நேரே வந்த பதினெட்டு வயது மாணவிக்கு இருக்காது. அவள் நூலில் படித்ததை நீங்கள் தினமும் காலை ஏழரை மணிக்குக் கையில் வாங்குகிறீர்கள்: அம்மாவின் கழுத்தைவிட்டு இறங்க மறுக்கும் குழந்தையை. உளவியலறிஞர்கள் ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் பற்றுறவை, அதாவது குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி எழுதியதை வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். அந்த முகத்திலிருந்து தொடங்கி எழுதுங்கள்.

டயப்பருக்கு வருவோம். ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர், போருக்குப் பின் 1946-இல், புடாபெஸ்ட் நகரின் லோட்ஸி தெருவில் பெற்றோரில்லாக் கைக்குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். பாலும் படுக்கையும் இருந்தும் பாசமின்றி வாடிப்போகும் குழந்தைகளை அக்கால இல்லங்களில் எங்கும் காண முடிந்தது. பிக்லர் தம் பணிப்பெண்களைப் பழக்கியது பெரும்பாலும் மூன்று வேலைகளில்: உணவூட்டுவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது. அவற்றை அவசரமில்லாமல், குழந்தையின் கண்ணைப் பார்த்து, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லி, அது கையை நீட்டும் வரை காத்திருந்து செய்ய வேண்டும் என்றார். பல குழந்தைகள் உள்ள இடத்தில், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவரின் முழுக் கவனமும் கிடைக்கும் நேரம் அதுதான் என்பது அவர் கண்டது. அவரிடம் கற்ற மாக்டா கெர்பர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இன்று நீங்கள் பின்பற்றும் ஆரம்ப ஆண்டுகளுக்கான கற்றல் சட்டகம், 2009-இல் வெளிவந்து 2022-இல் திருத்தப்பட்டதே, அதுவும் அன்றாடப் பராமரிப்பைக் கற்றலின் பகுதியாகவே பேசுகிறது. ஆகவே உறவினர் கேட்ட கேள்விக்கு, மாற்றுவதற்குப் பட்டம் வேண்டாம். மாற்றும் அந்த நான்கு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று காண்பதற்கு வேண்டும் என்பது என் பதில். அவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஊரில் பாட்டி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றியதை அவரும் பார்த்திருப்பார். அதற்கு மொழி வளர்ச்சி என்று பெயர் வைத்தால்தான் மரியாதை தருவார் போலும்.

இதை எழுதிப் பழகுவதற்குப் பல்கலைக்கழகத்தில் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் மார்கரெட் கார் உருவாக்கிய கற்றல் கதை என்னும் முறை உங்கள் நிலையத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். குழந்தை செய்ததை ஒரு சிறு கதைபோல எழுதி, அதில் என்ன கற்றல் தெரிகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ப்பது. பெற்றோருக்கான செயலியில் நீங்கள் தினமும் போடும் நான்கு வரிகளை இனிப் பத்து வரியாக்குங்கள். "மகிழ்ச்சியாக விளையாடினான்" என்று எழுதாமல், எதை எடுத்தான், எத்தனை முறை கவிழ்த்தான், யாரைத் திரும்பிப் பார்த்தான் என்று எழுதுங்கள். கணிதம் படித்தவருக்கு இது இயல்பாக வரும். தரவு முதலில், முடிவு பிறகு. பின்னாளில் கட்டுரைக்காகக் குழந்தைகளைப் பற்றி எழுதும்போது பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், நிலையத்தின் படங்களையோ செயலியில் உள்ள பதிவுகளையோ வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சொந்தக் கைபேசியில் படமெடுப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை.

பிழை திருத்துவதற்குப் பல்கலைக்கழகங்களில் இலவசமாக ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள், மதிப்பெண் குறைந்த பிறகு போகாதீர்கள். கணினியே எழுதித் தரும் கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்கு உங்கள் அறையில் உள்ள குழந்தைகளைத் தெரியாது. வாசிக்கும் விரிவுரையாளருக்கு அது தெரிந்துவிடும்.

இப்போதைக்கு மூன்று கடிதங்களை அனுப்புங்கள்: டிப்ளமோவுக்கும் பி.எஸ்ஸி.க்கும் என்ன கழிவு என்று இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு, பயிற்சி நாள்களைப் பற்றி உங்கள் டைரக்டருக்கு. அவற்றுக்குப் பதில் வருவதற்குள் ஒரு வேலை. நாளை காலை டயப்பர் மாற்றும்போது ஒரு குழந்தையிடம், "காலைத் தூக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை கையை வைக்காமல் காத்திருங்கள். அது என்ன செய்தது என்பதை மதிய இடைவேளையில் ஒரு பக்கம் எழுதி, பெயரை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.